ஒரே படம், அட்டை மூன்று!

பொங்கல் வருகிறது என்றால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். பரணில் கிடப்பதை எல்லாம் கீழே இறக்குகிறோம். உடைந்த குடை, ஓட்டைக் குடம், மூடி இல்லாத டப்பா, ஒரு கட்டுப் பழைய காகிதம். "இதை எதற்கு வைத்திருக்கிறோம்?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். அந்த நேரம் பார்த்து வாசலில் பழைய பேப்பர்காரர் குரல் கொடுப்பார். கட்டு தராசில் ஏறும். சில்லறை கைக்கு வரும். விஷயம் முடிந்தது.

அந்தக் கட்டுக்குள் என்ன இருந்தது? யாரும் பிரித்துப் பார்ப்பது இல்லை.

பழனி வீடாக இருந்தால், முருகன் படத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்திருக்கலாம். கொடைக்கானல் வீடாக இருந்தால், குளிரில் நமுத்துப் போன இசைத்தட்டு உறை ஒன்று இருந்திருக்கலாம். தாத்தா வாங்கியது. பாட்டி படித்தது.

நாம் குப்பை என்று தள்ளிய அதே பொருளைச் சிலர் ஊர் ஊராகத் தேடுகிறார்கள். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம், சுவரொட்டி, இசைத்தட்டு உறை, ஒலிநாடா அட்டை ஆகியவற்றைச் சேர்ப்பவர்கள் அவர்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. ஒரே படத்துக்கு இரண்டு, மூன்று விதமான அட்டைகள் கிடைக்கின்றனவே, இவற்றில் எது அசல்? இதுதான் வழக்கு.

கேட்டால் சிரிப்பு வரும். "சினிமா அட்டைக்குக்கூடச் சண்டையா?" என்று தோன்றும். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

ஓரணா வாத்தியார்

பாட்டுப் புத்தகம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. படக் கொட்டகையில் இடைவேளையின்போது விற்பார்கள். சந்தையிலும், திருவிழாக் கடையிலும் கிடைக்கும். ஓரணா, இரண்டணா விலை. ஒரு சில தாள்களை மடித்துக் கம்பி அடித்திருக்கும்.

முன் அட்டையில் கதாநாயகன், கதாநாயகி படம். உள்ளே நடிகர்கள் பெயர், பாட்டு எழுதியவர் பெயர், இசை அமைத்தவர் பெயர். அடுத்து கதைச் சுருக்கம். கதை சுவையான இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான்! பிறகு பாட்டுகள் வரிசையாக இருக்கும். பின் அட்டையில் ஒரு விளம்பரம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் புத்தகம் ஒரு வாத்தியார். பாட்டு ஏற்கெனவே காதில் இருக்கிறது. வரிமேல் விரலை வைத்துப் பாடிக்கொண்டே போனால் எழுத்து தானாகக் கண்ணில் நிற்கும். பள்ளிக்கூடம் போகாதவர்களும் இப்படிப் படிக்கப் பழகலாம். "சினிமா பார்த்துக் கெட்டுப் போனார்கள்" என்று சொல்வது உண்டு. சினிமாப் பாட்டைப் படித்து எழுத்து கற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

அட்டை ஏன் மாறுகிறது?

ஒரு படம், ஒரு கதை, ஒரே நடிகர்கள். அட்டை மட்டும் ஏன் வேறு வேறாக இருக்கிறது? காரணங்கள் பல.

முதல் காரணம், வியாபாரம். தமிழ்நாடு முழுவதும் ஒரே ஆள் படத்தை வெளியிடுவது இல்லை. ஏரியா ஏரியாவாக உரிமையை விற்பார்கள். மதுரை–ராமநாதபுரம் ஒரு ஏரியா. கோவை ஒரு ஏரியா. திருச்சி–தஞ்சாவூர் ஒரு ஏரியா. ஒவ்வோர் ஏரியாவிலும் விளம்பரம் செய்கிறவர் வேறு. அச்சடிக்கிற அச்சகமும் வேறாக இருக்கலாம்.

இப்போது பழனி இருக்கும் இடத்தைப் பாருங்கள். 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை பழனியும் கொடைக்கானலும் மதுரை மாவட்டம். பழனியில் பஸ் ஏறி மேற்கே உடுமலைப்பேட்டைக்குப் போனால் அது அன்று கோவை மாவட்டம். ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் ஏரியா மாறிவிடும்! இங்கே ஒரு அட்டை, அங்கே வேறு அட்டை என்று ஒரே படத்துக்கு இரண்டு கிடைக்க இடம் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் வாங்கினாரா, அந்தப் பக்கம் வாங்கினாரா என்பதை அட்டையே காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது காரணம், மொழி. ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்த "சந்திரலேகா" 1948 ஏப்ரலில் தமிழில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் வந்தது. இந்திக்காக நடிகர்களில்கூடச் சில மாற்றம் செய்தார்கள். வடக்கே ஒட்டிய விளம்பரம் வேறு. தெற்கே ஒட்டியது வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஒரே படத்தை இரண்டு ஊர் ஜனங்களுக்கு எப்படி விற்றார்கள் என்பது புரியும்.

மூன்றாவது காரணம், வண்ணம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் வண்ண அட்டை போடுவார்கள். அட்டையில் கதாநாயகி பச்சைப் புடவை கட்டியிருப்பார். திரையில் பார்த்தால் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும்! தமிழில் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் வந்த "அலிபாபாவும் 40 திருடர்களும்". அதற்குப் பிறகும் எல்லாப் படமும் வண்ணம் ஆகிவிடவில்லை. 1958-ல் எம்.ஜி.ஆர். எடுத்த "நாடோடி மன்னன்" ஒரு பகுதி கறுப்பு வெள்ளை, ஒரு பகுதி வண்ணம். அட்டையின் நிறத்தைப் பார்த்துப் படத்தின் நிறத்தைச் சொல்லிவிட முடியாது.

நான்காவது காரணம், மறு வெளியீடு. ஒரு நடிகர் சின்ன வேடத்தில் வந்திருப்பார். பத்து ஆண்டு கழித்து அவர் பெரிய நடிகர் ஆகிவிடுவார். படம் மறுபடியும் கொட்டகைக்கு வரும்போது அட்டையில் அவர் முகம்தான் பெரிதாக இருக்கும். பழைய கதாநாயகன் மூலைக்குப் போய்விடுவார். பின்னாளில் வந்த வீடியோ கேசட்டுக்கும், குறுந்தட்டுக்கும் இதே கதைதான். நடிகரின் புகழ் ஏறியதையும் இறங்கியதையும் அட்டையைப் பார்த்தே எழுதிவிடலாம்.

ஐந்தாவதாக, உரிமை இல்லாமலே அச்சிட்டு விற்றவர்களும் உண்டு. அந்தப் புத்தகத்தில் எழுத்துப் பிழை இருக்கும். பாட்டில் ஒரு வரி குறையும். ஆனாலும் விற்றது!

தட்டும் உறையும்

இசைத்தட்டுக்கு வருவோம். பழைய கிராமபோன் தட்டு அரக்கு சேர்த்துச் செய்தது. கீழே விழுந்தால் அப்பளம் போல உடையும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே பாட்டு அடங்கும். பாட்டு நீளமாக இருந்தால் வெட்டுவார்கள். அல்லது பாதியை மறுபக்கத்தில் வைப்பார்கள். அதன் உறை வெறும் காகிதம். நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். ஓட்டை வழியாகத் தட்டின் பெயர் தெரியும். எந்தப் படத்துத் தட்டாக இருந்தாலும் உறை பெரும்பாலும் கம்பெனியின் உறைதான்.

பிறகு 7 அங்குலச் சிறு தட்டும், 12 அங்குலப் பெரிய தட்டும் வந்தன. அப்போதுதான் உறையில் படக் காட்சியை அச்சிடுவது பெருகியது. உறையே ஒரு சுவரொட்டி ஆயிற்று. அதன்பின் ஒலிநாடா வந்தது. ஒரே நாடாவில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். உள்ளங்கை அளவு அட்டையில் இரண்டு கதாநாயகர்கள் இடித்துக்கொண்டு நிற்பார்கள்!

வள்ளிக்கு இரண்டு குரல்

இந்த வேறுபாடுகள் வெறும் வேடிக்கை அல்ல. ஒரு உதாரணம் பாருங்கள். அதுவும் முருகன் கதைதான்.

1945-ல் ஏவி.எம். "ஸ்ரீவள்ளி" படம் வந்தது. டி.ஆர். மகாலிங்கம் முருகன். குமாரி ருக்மணி வள்ளி. முதலில் வள்ளியின் பாட்டுகளை ருக்மணியே பாடியிருந்தார். பிறகு அந்தக் குரலை எடுத்துவிட்டு, பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். முகம் ஒருவர், குரல் இன்னொருவர்.

ஆக, ஒரே படத்துக்கு இரண்டு வடிவம். எந்த வடிவம் எப்போது எந்த ஊரில் ஓடியது? எந்தக் குரல் எந்தத் தட்டில் இருக்கிறது? இதற்குப் பதில் தேடுகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? பழைய விளம்பரத்தை, பாட்டுப் புத்தகத்தை, தட்டின்மேல் ஒட்டிய பெயர்ச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். "இரண்டும் ஒன்றுதானே" என்று ஒன்றைத் தூக்கி எறிந்திருந்தால், ஒரு பாடகியின் பெயரே மறைந்து போயிருக்கும்!

எது அசல்?

இனி வழக்குக்கு வருவோம். சேர்ப்பவர்களில் மூன்று கட்சி உண்டு.

"முதல் நாள் வந்த அட்டைதான் அசல். மற்றது எல்லாம் நகல்" என்பது ஒரு கட்சி.

"அப்படி இல்லை. ஜனங்கள் கையில் எது இருந்ததோ அதுதான் அசல். சென்னையில் வந்தது பழனிக்கு வரவே இல்லை என்றால், பழனிக்காரருக்கு அது எப்படி அசல் ஆகும்?" என்பது இன்னொரு கட்சி.

"முதலோ இரண்டோ, சுத்தமாக இருக்க வேண்டும். மடிப்பு, கறை, எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் விலை" என்பது மூன்றாவது கட்சி.

நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். முதல் இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் வாதாடட்டும். வாதாடினால்தான் உண்மை வெளியே வரும். மூன்றாவது கட்சியைத்தான் நாம் ஏற்க முடியாது.

ஒரு பாட்டுப் புத்தகத்தின் மூலையில் ஒரு பெண் தன் பெயரைக் கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கீழே தேதி. பக்கத்தில் எண்ணெய்க் கறை. விலை பேசுகிறவர், "எழுதிக் கெடுத்துவிட்டார்கள்" என்று பாதி விலை சொல்வார். ஆனால் அந்தக் கோணல் எழுத்துதான் சரித்திரம்! இந்தப் படம் இந்தத் தேதியில் இந்த வீட்டுக்கு வந்தது. இந்த வீட்டில் ஒரு பெண் எழுதப் படித்தாள் என்று அது சாட்சி சொல்கிறது. சுத்தமான புத்தகம் அச்சகத்தின் கதையை மட்டும் சொல்லும். கறை படிந்த புத்தகம் குடும்பத்தின் கதையையும் சொல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டையை மட்டும் கிழித்துச் சட்டம் போட்டு விற்பதும் நடக்கிறது. அதில் பாட்டும் கதைச் சுருக்கமும் குப்பைக்குப் போகின்றன. ஆட்டை வெட்டித் தோலை மட்டும் வைத்துக் கொள்வது போன்றது இது. இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம். பழைய அட்டையைப் புதிதாக அச்சடித்து, பழையது என்று விற்பவர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

படம் போனது, காகிதம் நின்றது

"படமே இருக்கும்போது அட்டை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். படம் இருந்தால் சரி. படம் இல்லையே!

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்". 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. எச்.எம். ரெட்டி டைரக்டர். அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைப்பது இல்லை. ஒரு பிரதிகூடத் தப்பவில்லை. அதற்கு முன்னால் நடராஜ முதலியார் எடுத்த "கீசகவதம்" என்ற ஊமைப் படமும் இல்லை. "காளிதாஸ்" பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி காகிதத்தால் தெரிந்தது. அன்றைய பத்திரிகை விளம்பரம், விமர்சனம் இவைதான் துணை.

படச்சுருள் ஏன் அழிகிறது? அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட் கலந்து செய்தது. எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் நாளானால் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடிந்த படச்சுருளை வெள்ளி எடுப்பதற்காக விற்றவர்களும் உண்டு. பத்திரமாக வைத்த இடத்திலும் ஆபத்து வரும். 2003 ஜனவரியில் புனேயில் பழைய படச்சுருள்கள் இருந்த கிடங்கில் தீப்பிடித்து, அரிய படங்கள் பல சாம்பலாயின.

சுருள் எரிந்தால் படம் போய்விடும். ஆனால் பாட்டுப் புத்தகம் ஆயிரம் வீட்டில் இருக்கிறது. ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் தப்பும். ஓரணாப் புத்தகத்தின் பலம் இதுதான்!

சூரியனைச் சேர்த்து வைத்த மலை

"ஒரே படத்துக்கு மூன்று அட்டையைச் சேர்ப்பது வீண் வேலை" என்று இன்னும் நினைக்கிறீர்களா? அப்படியானால் பஸ் ஏறிக் கொடைக்கானல் மலைக்கு வாருங்கள்.

அங்கே ஒரு சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1899-ல் அமைந்தது. 1901-ல் வேலையைத் தொடங்கியது. 1904 முதல் சூரியனைப் போட்டோ பிடித்து வருகிறார்கள். மேகம் மறைக்காத நாளில் எல்லாம் படம் எடுத்தார்கள். கண்ணாடித் தகட்டிலும் பிலிமிலும் எடுத்தார்கள். எடுத்ததை எல்லாம் பத்திரப்படுத்தினார்கள்.

எல்லாம் ஒரே சூரியன்தான்! நேற்று எடுத்ததும் வட்டம். இன்று எடுத்ததும் வட்டம். "ஒரு படம் போதாதா? எதற்கு இத்தனை தகடு? அலமாரி நிறைந்துவிட்டது, கழித்துக் கட்டு" என்று ஒருவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நல்ல வேளை, கழிக்கவில்லை. படத்துக்குப் படம் சின்ன வித்தியாசம் இருந்தது. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் கூடுகின்றன, குறைகின்றன, இடம் மாறுகின்றன. 1909-ல் அங்கே இருந்த ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். இந்தப் பழைய தகடுகளை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் சூரியன் எப்படி நடந்து கொண்டது என்பதை விஞ்ஞானிகள் அதிலிருந்து படிக்கிறார்கள்.

சூரியன் பெரியது, சினிமா அட்டை சிறியது. ஒப்பிடுவது தவறு என்று சொல்லலாம். ஆனால் பாடம் ஒன்றுதான். ஒன்றைப் போல் இருக்கும் பொருள்களில் உள்ள சின்ன வித்தியாசம்தான் சேதி சொல்லும். அந்தச் சேதி இன்று தெரியாமல் இருக்கலாம். நாளைக்கு ஒருவருக்குத் தெரியும். அதுவரை பொருள் இருக்க வேண்டும்.

கோட்டையூர்க்காரர் காட்டிய வழி

தனி மனிதரால் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய புத்தகத்தைத் தேடித் தேடி வாங்கினார். புத்தகம் மட்டும் அல்ல. நாடக நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எறிகிற காகிதத்தையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக் கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே அவர் பெயரில் நூலகம் அமைந்தது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்பவர்கள் அங்கே போகாமல் இருப்பது அரிது.

சினிமாவுக்கு என்றே வாழ்ந்தவர் "பிலிம் நியூஸ்" ஆனந்தன். படம் படமாக விவரம் குறித்தார். போட்டோ, பாட்டுப் புத்தகம், விளம்பரம் எல்லாம் சேர்த்தார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கியது. 2016-ல் அவர் மறைந்தார். தமிழ்ப் படங்களின் முழுப் பட்டியல் நம் கையில் இருப்பதற்கு அவர் உழைப்பு ஒரு முக்கிய காரணம்.

இவர்கள் இருவரும் ராஜாக்கள் அல்ல. சாதாரணக் குடும்பத்துக்காரர்கள். ஒரே ஒரு காரியம் செய்தார்கள். எறியவில்லை!

குகைக்கே பெயர்

நம் மலைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு சின்னது அல்ல. 1965-ல் வந்த "திருவிளையாடல்" எந்தக் கதையில் தொடங்குகிறது? ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் முருகன் பழனிக்கு வந்த கதையில்தான். ஔவையாராக வந்தவர் கே.பி. சுந்தராம்பாள். அந்தப் படத்தின் வசனம் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் எத்தனை ஆண்டு ஒலித்தது! தருமியின் பேச்சு மனப்பாடம் ஆகாத ஊர் உண்டா?

கொடைக்கானலில் ஒரு பாறைப் பிளவு. வெள்ளைக்காரர் அதைப் "பிசாசின் சமையலறை" என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 1991 தீபாவளிக்குக் கமல்ஹாசனின் "குணா" வந்தது. அங்கே எடுத்த படம். வெள்ளைக்காரர் வைத்த பெயர் பின்னுக்குப் போயிற்று. "குணா குகை" என்றே ஜனங்கள் சொல்கிறார்கள். 2024-ல் "மஞ்சும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் வந்தது. அந்தக் குகையில் விழுந்த வாலிபனை நண்பர்கள் மீட்ட உண்மைக் கதை. "குணா" பாட்டு அதில் மறுபடியும் ஒலித்தது. 1991-ல் பிறக்காத பிள்ளைகள்கூட அந்தப் பாட்டைப் பாடினார்கள்.

பாட்டு திரும்பி வந்தது. ஆனால் 1991-ல் நம் வீட்டில் இருந்த அந்த ஒலிநாடாவும் அதன் அட்டையும் எங்கே? மலைக்குப் பெயர் கொடுத்த படத்தின் அட்டை மலையில் எத்தனை வீட்டில் இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

தாய்மார்களே, பெரியவர்களே! இதற்குப் பணம் வேண்டாம். கொஞ்சம் கவனம் போதும்.

பழைய காகிதக் கட்டை எடை போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். "இந்தப் படத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி சொல்வதைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். புத்தகத்தின்மேல் எழுத வேண்டாம்.

மலிவான தாள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகி நொறுங்கும். ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். பழனிப் பக்கத்தில் கரையானுக்குப் பயந்து, தரையில் வைக்காமல் உயரமாக வையுங்கள். கொடைக்கானலில் ஈரம்தான் பகை. பூசணம் பிடிக்கும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழை விட்டு நல்ல காற்று அடிக்கும் நாளில், நிழலில் பரப்பி எடுத்து வையுங்கள். வெயிலில் போட வேண்டாம். புத்தகம் தின்னும் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கிழிந்த இடத்தில் பளபளப்பான ஒட்டு நாடாவை ஒட்டாதீர்கள். நாளானால் அதன் பசை மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடாக்கி ஒட்டும் லேமினேஷனும் வேண்டாம். ஒட்டினால் பிறகு எடுக்கவே முடியாது. துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றி நூலால் தைக்கலாம். இசைத்தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

முருகன் அட்டை என்றால் வெட்டிப் பூஜை அறையில் ஒட்டத் தோன்றும். பக்தியைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வெட்டுவதற்கு முன் கையில் இருக்கும் போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். புத்தகம் முழுசாக இருக்கட்டும்.

நமது யோசனை

வீட்டில் வைக்க இடம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இங்கேதான் ஊரும் அரசாங்கமும் உதவ வேண்டும்.

பழனியிலும் கொடைக்கானலிலும் உள்ள பொது நூலகங்களில் ஒவ்வோர் அலமாரி ஒதுக்கலாம். "உங்கள் வீட்டுப் பழைய பாட்டுப் புத்தகத்தை இங்கே கொடுங்கள்" என்று ஒரு பலகை மாட்டலாம். கொடுத்தவர் பெயரையும் ஊரையும் குறிக்கலாம். உரிமைச் சட்டத்தைப் பார்த்து, தமிழ் மின் நூலகத்தில் ஏற்றலாம். அப்போது லண்டனில் இருக்கிற தமிழரும், கொழும்பில் இருக்கிற தமிழரும் பார்ப்பார்கள். தங்களிடம் இருக்கும் வேறு அட்டையைக் காட்டுவார்கள்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் கொடைக்கானலில் கோடை விழா நடக்கிறது. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். ஆயிரக் கணக்கான குடும்பங்கள் வருகின்றன. பூவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பந்தல் போட்டு, பழைய பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டு உறைகளையும் காட்சிக்கு வைத்தால் என்ன? ஒரே படத்தின் மூன்று அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். தாத்தாவும் பேரனும் நின்று பார்க்கட்டும். எது அசல் என்று அவர்களும் வாதாடட்டும்!

"சோற்றுக்கே வழி இல்லாதவர்கள் இருக்கும்போது சினிமா அட்டைக்குச் செலவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அணைக்கட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ ஒதுக்கிய பணத்தை நாம் கேட்கவில்லை. ஒரு அலமாரி கேட்கிறோம். ஒரு பந்தல் கேட்கிறோம். ஏழை வீட்டில் வாங்க முடிந்த ஒரே புத்தகம் பல வேளைகளில் இந்த ஓரணாப் புத்தகம்தான். பணக்காரர் வீட்டுச் சரித்திரம் செப்பேட்டிலும் கல்வெட்டிலும் நிற்கிறது. ஏழை வீட்டுச் சரித்திரம் இந்த மெல்லிய தாளில்தான் நிற்கிறது.

ஆகவே, எந்த அட்டை அசல் என்ற வழக்குக்கு நமது தீர்ப்பு இது: மூன்றும் அசல். ஒன்று சென்னைக்குச் சாட்சி. ஒன்று பழனிக்குச் சாட்சி. ஒன்று உங்கள் பாட்டிக்குச் சாட்சி. எந்தச் சாட்சியையும் விரட்ட வேண்டாம்.

வாசலில் பழைய பேப்பர்காரர் குரல் கேட்கிறதா? அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். கட்டைப் பிரித்துப் பாருங்கள். பிறகு தராசில் வையுங்கள்!